இரண்டு பள்ளிகள், ஒரு வில்லுப்பாட்டு: கூட்டுப் படைப்புக்குக் கணினி எந்த இடத்தில் உதவுகிறது?

மணக்குடிக்காயல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பழையாறு கடலில் கலக்கும் பக்கத்தில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் உள்ள ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியை. சென்ற கல்வியாண்டில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும், அதே ஆற்றின் மேற்பகுதியில் மலையடிவாரத்தில் உள்ள மற்றொரு பள்ளியின் பிள்ளைகளும் சேர்ந்து, ஆற்றைப் பற்றி ஒரு வில்லுப்பாட்டு உருவாக்கினார்கள். ஒரு பள்ளியிலிருந்து மற்றதற்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதால், பிள்ளைகள் நேரில் சந்தித்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற வேலைகள் எல்லாம் கணினி ஆய்வகத்திலும் ஆசிரியர்களின் கைப்பேசிகளிலும் நடந்தன. அந்த அனுபவத்தைச் சொல்லி, மற்ற ஆசிரியர்களின் கருத்தையும் கேட்கவே இந்த இழை.

வில்லுப்பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பிறவியிலேயே கூட்டுக்கலை என்பதுதான். வில்லை வீசுகோலால் தட்டிக் கதை சொல்லும் புலவர் ஒருவர். அவர் சொல்லுக்கு ‘ஆமா’ போட்டும், அடியை வாங்கிப் பாடியும் கதையை நகர்த்தும் பக்கப்பாட்டுக்காரர்கள். குடத்துக்கும் உடுக்கைக்கும் தாளத்துக்கும் கட்டைக்கும் தனித்தனிக் கைகள். கோயில் கொடைகளில் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, சேர்ந்து செய்வது என்றால் என்ன என்று நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் கட்டம் பாடல் எழுதுவது. கூகுள் டாக்ஸில் இரண்டு பள்ளிக்கும் பொதுவாக ஒரு கோப்பைத் திறந்தோம். மேலே உள்ளவர்கள் மலையிலிருந்து ஆற்றோடு இறங்கி வருவது, நாங்கள் காயலிலிருந்து ஆற்றுக்கு எதிராக ஏறிப் போவது, நாகர்கோவில் பக்கத்தில் சந்திப்பது என்று பேசி வைத்தோம். முதல் வாரத்தில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணினிக்கு நான்கு பேரை உட்கார வைத்தால், மவுஸைப் பிடித்தவன் எழுதுகிறான், பக்கத்தில் இருப்பவன் திருத்துகிறான், மற்ற இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு ஒரு விதி வைத்தேன்: விசைப்பலகையில் கை வைப்பவர் தம்முடைய வரியை எழுதக் கூடாது, மற்ற மூவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆய்வகத்தில் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஆற்றைப் பெண்ணாக்கியது மேலே உள்ள பிள்ளைகள். ‘மலையிலே பிறந்த மக, ஆமா, மணக்குடியில் வாழ்க்கைப்பட்ட மக, ஆமா’ என்று தொடங்கி, கடலில் கலந்து மறைந்துபோனாள் என்று முடித்திருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத எங்கள் மாணவி ஒருத்தி, மறுநாள் காலையில் அந்தக் கடைசி வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தாள்: ‘மறையவில்லை. பொழி அடைந்து கிடக்கும் மாதங்களில் அவள் எங்கள் ஊரில்தான் நிற்கிறாள்.’ பொழிமுகத்தில் மணல் மூடிக்கொண்டால் ஆற்று நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் காயலில் தேங்கி நிற்கும் என்பது மலையோரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எப்படி மூடும், யார் வெட்டிவிடுவார்கள், அப்போது மீன் என்ன ஆகும் என்று அந்த ஒரு குறிப்பின் கீழே இரண்டு பள்ளியிலிருந்தும் கேள்வியும் பதிலுமாகச் சேர்ந்துகொண்டே போனது. வில்லுப்பாட்டின் மிக நல்ல பகுதி, புகுந்த வீட்டு வாசலில் கதவு திறக்கக் காத்து நிற்கும் பெண்ணாக ஆறு நிற்கும் பகுதி, அந்த உரையாடலிலிருந்து பிறந்தது.

இரண்டாம் கட்டமான ஒலிப்பதிவில் நான் தவறு செய்தேன். மலைப் பள்ளியில் குடத் தாளத்தை முதலில் தனியாகப் பதிவு செய்து அனுப்பினார்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி எங்கள் பிள்ளைகள் பாடினார்கள். ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடமாக அடுக்கினோம். தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை; ஆனாலும் பாட்டில் உயிர் இல்லை. ஏன் என்று எனக்குப் புரியாமல் இருந்தபோது, குடம் அடிக்கும் பையன்தான் கேட்டுவிட்டுச் சொன்னான்: “டீச்சர், பாட்டு குடத்துக்க பொறத்தால ஓடுது.” வில்லுப்பாட்டில் குடக்காரர் பாடுபவரின் முகத்தைப் பார்த்துத்தான் அடிப்பார், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்துவார், கதை சூடுபிடித்தால் அவரை முந்தித் தள்ளுவார். முன்பே பதிந்துவிட்ட தாளத்துக்கு யார் முகத்தையும் பார்க்கத் தெரியாது. முடிவில், பிள்ளைகள் சந்தித்த அந்த ஒரு நாளில், நடுவில் ஒரே ஒரு கைப்பேசியை வைத்து எல்லாரும் சேர்ந்து பாடியதைப் பதிவு செய்தோம். தனித்தனியாகப் பதிந்திருந்தவற்றில் ஆற்றின் சத்தத்தையும், ஊர்ப் பெரியவர்களின் பேச்சையும் மட்டும் பின்னால் சேர்த்தோம்.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரே நேரத்தில் ஒன்றாக உட்கார முடியாதவர்களைச் சேர்ப்பதற்கும், ஒருவர் சொன்னது தொலைந்துபோகாமல் அடுத்தவர் கைக்குப் போவதற்கும் கணினி நன்றாக உதவுகிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலையில் அது குறுக்கே நிற்கிறது. இந்த எல்லையை வேறு இடத்தில் கண்டவர்கள் சொல்லுங்கள்.

---

கழக்கூட்டம் பயணி

டீச்சருக்கு வணக்கம். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய்வரும் மென்பொருள் வேலைக்காரன் நான். பள்ளி அனுபவம் கிடையாது. நுட்பம் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதியும்போது, கணினி ஒலியை வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தால் புதிய தடம் சற்றுப் பின்தங்கி விழும். ஆடாசிட்டியின் விருப்பத்தேர்வுகளில் அந்தத் தாமதத்தைச் சரிசெய்ய ஓர் எண் கொடுக்கலாம். ஹெட்போன் இல்லாமல் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு பாடினால், பழைய தடமும் புதிய பதிவுக்குள் புகுந்து பிரிக்க முடியாமல் போய்விடும். ஆனால் அந்தப் பையன் சொன்னதை எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. அலுவலகத்தில் பத்து ஆண்டுகளாக வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களோடு வேலை செய்கிறேன். அவன் சொன்ன வாக்கியத்தைப் போல ஒன்றை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

---

மலையோரம்

டீச்சர் குறிப்பிட்ட மேற்பகுதிப் பள்ளியின் அறிவியல் ஆசிரியன் நான்தான். அவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்ட ஒரு விபத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகக் கணினியில் இருந்தது ஆடாசிட்டியின் பழைய பதிப்பு. அதில் ஒரு வேலையைச் சேமித்தால் இரண்டு பொருள்கள் உருவாகும். ஒன்று, .ஏயுபி என்று முடியும் சிறிய கோப்பு. மற்றொன்று, அதே பெயரோடு ‘டேட்டா’ என்ற சொல்லும் சேர்ந்த ஒரு கோப்புறை. உண்மையான ஒலி முழுவதும் அந்தக் கோப்புறையில்தான் இருக்கும். சிறிய கோப்பு எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்று சொல்லும் வரைபடம் மட்டுமே. நான் சிறிய கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியில் இடம் போதவில்லை என்று மற்றதை அழித்துவிட்டேன். மணக்குடிப் பக்கம் போய்த் திறந்தால் தடங்களின் பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பதினொரு பிள்ளைகளின் மூன்று வார வேலை. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பழைய கணினிகள் உள்ள பள்ளிகளில் பணிபுரிவோர் இதை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கவும்.

இன்னொரு செய்தியும் உண்டு. எங்கள் குழுவில் ஒரு மாணவனின் பெற்றோர் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர்கள். விடியும் முன்னே வெட்டு தொடங்கிவிடுவதால், தங்கையைக் கிளப்பிப் பள்ளிக்குக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. முதல் பாடவேளையில் அவனைப் பார்ப்பது அரிது. நம் வகுப்பறைக் குழுவேலைகள் பெரும்பாலும் காலையில்தான் நடக்கும் என்பதால், எந்தக் குழுவிலும் அவன் பெயருக்கு மட்டுமே உறுப்பினனாக இருந்துவந்தான். இந்த முறை எல்லாம் பொதுக் கோப்பில் எழுதப்பட்டிருந்ததால், பத்தரை மணிக்கு வந்து, தான் இல்லாதபோது என்ன நடந்தது என்று மேலிருந்து கீழே படித்துவிட்டு அவனும் சேர்ந்துகொண்டான். சிரட்டையில் பால் சொட்டும் சத்தத்தை ஆற்றின் பிறப்புக்கு ஒப்பிட்ட வரி அவனுடையது. டீச்சர் சொன்ன முதல் பாதியை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.

---

கரித்துண்டு

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர்கள் இருவரின் உழைப்புக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு கிழவனின் ஐயத்தை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஆண்டுவிழாவுக்குப் பெரிய திரைச்சீலை வரைவோம். ஒரே துணி, ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருவன் தவறாக ஒரு கோடு போட்டுவிட்டால் அதை அழிக்க முடியாது. அப்போது பக்கத்தில் இருப்பவன் அந்தக் கோட்டை ஒரு தென்னைமரமாகவோ, வள்ளத்தின் பாய்மரமாகவோ மாற்றி விடுவான். ஒருவன் பிழையை மற்றவன் ஏற்றுக்கொண்டு வேறொன்றாக ஆக்குவதைத்தான் நான் கூட்டுப் படைப்பு என்று நினைத்து வந்தேன். கணினியில் வரையும் என் பேத்தி, பிடிக்காத கோட்டை ஒரு விசையில் மறைத்துவிடுகிறாள். தோழி வரைந்த கோட்டையும் அப்படியே மறைத்துவிடுகிறாள். பிழையே இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் என்ன தேவை இருக்கிறது?

முதலில் காகிதம், பிறகு கணினி என்பதே என் பரிந்துரை.

---

ஏட்டுச்சுரைக்காய்

கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் புனைபெயரே என் தகுதியைச் சொல்லிவிடும். ஆயினும் டீச்சர் கண்ட எல்லைக்கோட்டை ஆய்வுலகமும் வேறு வழியில் கண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

குழுவாக உட்கார்ந்து, விமர்சிக்காமல், மனத்தில் தோன்றுவதையெல்லாம் கொட்டினால் எண்ணங்கள் பெருகும் என்ற கருத்தை 1950களில் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் பரப்பினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்லர், பெரி, பிளாக் ஆகியோர் அதைச் சோதித்தார்கள். நால்வர் கூடி யோசித்ததையும், நால்வர் தனித்தனியாக யோசித்துப் பின்னர் தொகுத்ததையும் ஒப்பிட்டபோது, தனித்தனியாக யோசித்தவர்களே அதிக எண்ணங்களைத் தந்திருந்தார்கள். ஏன் என்பதற்கு 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் விடை தேடினார்கள். மற்றவர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமா, பிறர் செய்யட்டும் என்ற சோம்பலா என்றெல்லாம் பிரித்துப் பார்த்தபோது, பெரும் காரணம் மிகச் சாதாரணமானதாக இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தன் முறைக்குக் காத்திருப்பவர் தன் எண்ணத்தை மறந்துவிடுகிறார், அல்லது இனி அது பொருந்தாது என்று விட்டுவிடுகிறார். அதன் பிறகு 1990களின் தொடக்கத்தில் கலூப் முதலியோர், எல்லாரும் ஒரே நேரத்தில் கணினியில் எழுதி மற்றவர் எழுதியதையும் பார்க்கும் முறையைச் சோதித்தபோது, இந்தத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதுவும் குழு பெரிதாக இருந்தால்தான் பயன் தெளிவாகத் தெரிந்தது. சிறு குழுவில் பெரிய வேறுபாடு இல்லை.

வாய் திறக்காத அந்த மாணவியின் குறிப்பு எனக்கு இதைத்தான் நினைவூட்டியது. அவளுக்கு எண்ணம் இல்லாமல் இல்லை; அவள் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது. ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சொல்: இந்த ஆய்வுகள் எண்ணங்களைத் திரட்டுவது பற்றியவை மட்டுமே. திரட்டியவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்து வளர்ப்பதற்கு நீங்கள் சொன்ன துணிதான் நல்ல உவமை என்று நினைக்கிறேன்.

---

கொண்டல்

நான் ஆசிரியரில்லை. கடற்கரை ஊர்க்காரன், இரு பிள்ளைகளின் தகப்பன். வேறு ஒரு பள்ளியில் இதேபோல ஒரு வேலை நடந்தபோது எங்கள் வீட்டில் உண்டான சிக்கலை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும்.

கடலுக்குள் பார், அதாவது மீன் கூடும் பாறைத்திட்டு, இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் கணியம் பார்ப்பார்கள். சில ஊர்களில் கணிச்சம் என்பார்கள். கரையில் உள்ள கோயில் கோபுரமோ தனிப்பனையோ பின்னால் உள்ள மலை உச்சியோடு ஒரே கோட்டில் வர வேண்டும். அதேபோல வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் வள்ளம் நின்றால், கீழே பார். பள்ளிப் பிள்ளைகள் என் தகப்பனாரிடம் வந்து இதைப் பற்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பேரன் கேட்ட மகிழ்ச்சியில் அவர், எந்தக் கோபுரம், எந்த மலை என்பதுவரை சொல்லிவிட்டார். பிள்ளைகள் அதை வைத்து அழகான ஒரு வரைபடம் செய்து, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு கணியம் என்பது ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாகச் சேர்த்துவைத்த சொத்து. சொந்தக்காரர்களுக்குக்கூட எளிதில் சொல்ல மாட்டார்கள். வரைபடத்தை இறக்கச் சொல்லி நான் பள்ளிக்குப் போனபோது, ‘அறிவைப் பகிர்வதுதானே நல்லது’ என்று கேட்டார்கள். நல்லதுதான், ஆனால் அந்தப் படைப்பில் என் தகப்பனாரும் ஒரு கூட்டாளி, அவரைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பதிவு செய்வது வேறு, வெளியிடுவது வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

---

மணக்குடிக்காயல்

கொண்டல் அண்ணாச்சிக்கு மிக்க நன்றி. இதைப் படித்தவுடன் எங்கள் வில்லுப்பாட்டில் சேர்த்திருந்த பெரியவர்களின் பேச்சை மறுபடி கேட்டுப் பார்த்தேன். நல்லவேளையாக, காற்றையும் நீவாடு என்னும் கடல் நீரோட்டத்தையும் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். கச்சான் அடித்தால் என்ன, கொண்டல் அடித்தால் என்ன என்பதோடு நின்றுவிட்டது. ஆனால் நானும் அவர்களிடம் வாயால் ஒரு சொல் கேட்டேனே தவிர, முடிந்த பதிவைப் போட்டுக் காட்டவில்லை. இந்த வாரமே வீடு வீடாகப் போய்க் கேட்கச் செய்துவிட்டு, வேண்டாம் என்பவர் பகுதியை எடுத்துவிடுகிறேன்.

கரித்துண்டு ஐயா, பிழையை அடுத்தவர் ஏற்பது பற்றி நீங்கள் சொன்னது என்னை இரண்டு நாளாக விடவில்லை. எங்கள் கோப்பிலும் அது நடந்தது. ‘மறைந்துபோனாள்’ என்ற வரியை அந்த மாணவி அழித்திருக்கலாம், அழிக்கும் வசதியும் அவளுக்கு இருந்தது. அழிக்காமல் ஓரத்தில் எழுதினாள். ஏன் என்று கேட்டேன். “அவங்க எழுதினது, டீச்சர்” என்றாள். அடுத்த முறை, பிறர் வரியை யாரும் அழிக்கக் கூடாது, ஓரத்தில் மட்டுமே எழுதலாம் என்று முதல் நாளே சொல்லிவிடப் போகிறேன்.

---

தலைமையாசிரியர் மேசை

இழை நன்றாகப் போகிறது. நிர்வாகப் பக்கத்திலிருந்து சில சொற்கள்.

ஹைடெக் லேப் என்ற பெயரில் கணினிகள் வந்துவிட்டன. ஆனால் என் பள்ளியில் அந்த அறை பெரும்பாலும் இணையவழித் தேர்வுக்கும், ஏதேனும் ஒரு பதிவேற்றத்துக்கும்தான் திறக்கப்படுகிறது. ஒரு வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை கிடைத்தால் பெரிது. அந்த நாற்பது நிமிடத்தில் கணினிகள் இயங்கத் தொடங்கவே ஏழெட்டு நிமிடம் போகிறது. கூட்டுப் படைப்பு என்பது விட்டுவிட்டுச் செய்யக் கூடிய வேலையா என்பதே என் முதல் கேள்வி.

இரண்டாவது, மதிப்பெண். குழுவில் யார் என்ன செய்தார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொதுக் கோப்பில் யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் பதிப்பு வரலாறு இருக்கிறதே, அதைப் பார்த்து மதிப்பெண் போடலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள்.

மூன்றாவது, 2023ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என்று கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளின் பெயரில் கணக்குத் தொடங்கும் முன் ஆசிரியர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

---

மலையோரம்

ஐயா, பதிப்பு வரலாற்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூன்றாவதாகச் சொன்ன காரணத்தாலேயே நாங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கவில்லை. என் கணக்கில் கோப்பைத் திறந்து, இணைப்பு வைத்திருப்பவர் யாரும் திருத்தலாம் என்று விட்டோம். அப்படிச் செய்தால் உள்ளே வருபவர் ஒவ்வொருவருக்கும் கூகுள் ஏதாவது ஒரு விலங்கின் பெயரை வைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். ஆனால் பதிப்பு வரலாற்றில் பார்த்தால் பெயரில்லாதவர்கள் எல்லாரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். யார் எழுதியது என்று எனக்கும் தெரியாது. அது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று என்று இப்போது தோன்றுகிறது.

---

கழக்கூட்டம் பயணி

அதற்கு வழி இருக்கிறது சார். ஈதர்பேட் என்ற மென்பொருள் 2008இல் வந்தது. மறு ஆண்டே கூகுள் அதை வாங்கி, அதன் மூலநிரலைப் பொதுவில் விட்டது. கணக்குத் தேவையில்லை. உள்ளே வருபவர் ஒரு நிறத்தைத் தேர்ந்துகொண்டால், அவர் எழுதியது முழுவதும் அந்த நிறப் பின்னணியில் தெரியும். ஒரு கோப்பு எப்படி வளர்ந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து படம்போல ஓட்டியும் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரு கணினியில் நிறுவிவிட்டால், இணையம் இல்லாவிட்டாலும் அறைக்குள் உள்ள மற்ற கணினிகளிலிருந்து அதில் எழுத முடியும். இணைப்பு அடிக்கடி போகும் மலையோரப் பள்ளிகளுக்கு இது உதவும். வேண்டுமானால் ஒரு சனிக்கிழமை வந்து நிறுவித் தருகிறேன்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு எச்சரிக்கை: மென்பொருள் நிறுவனங்களில், யார் எத்தனை வரி எழுதினார் என்று எண்ணி உழைப்பை மதிப்பிட முயன்று பலரும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணத் தொடங்கிய அன்றே வரிகள் பெருகும். டீச்சரின் மாணவி எழுதியது இரண்டே இரண்டு வாக்கியம்.

---

ஏட்டுச்சுரைக்காய்

யார் செய்தது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் நிரலாக்கத் தளத்தில், ஒரு பிள்ளை செய்த விளையாட்டையோ அசைபடத்தையோ இன்னொரு பிள்ளை எடுத்து மாற்றலாம். அப்படி மாற்றினால், மூலப்படைப்பு யாருடையது என்பதைத் தளமே தானாகக் குறிப்பிட்டுவிடும். எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால் மன்றாய்-ஹெர்னான்டஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கணினி தானாகப் போடும் பெயர்க்குறிப்பைப் பிள்ளைகள் பெரிதாக மதிக்கவில்லை என்று தெரிந்தது. எடுத்தவர் தம் கையால் ‘இது இன்னாருடையது, நன்றி’ என்று எழுதினால் மகிழ்ந்தார்கள்; அது இல்லாதபோது, தளம் பெயரைப் போட்டிருந்தும் திருடிவிட்டதாகக் குறைபட்டார்கள்.

மதிப்பெண்ணுக்கும் இதையே பயன்படுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையும், தன் குழுவில் யாரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு பத்தி எழுதட்டும். தான் என்ன செய்தேன் என்று எழுதச் சொல்லக் கூடாது. யார் பெயர் யார் பத்தியில் வருகிறது என்று பார்த்தாலே ஆசிரியருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும்.

---

களியக்காவிளைக்காரி

எல்லைக்கு இப்பால் குடியிருந்து அப்பால் கேரளப் பள்ளியில் பணிபுரிகிறேன். அங்கே 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றம் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகிறது. அசைபடம், மலையாளக் கணிமை, மின்னணுவியல் என்று பயிற்சி தருகிறார்கள். பள்ளிதோறும் ஒரு பக்கம் கொண்ட ஸ்கூல்விக்கி என்ற தளமும் 2009 முதல் இருக்கிறது. பள்ளியின் வரலாறு, ஊரின் செய்தி ஆகியவற்றைப் பிள்ளைகளும் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் எதை எப்போது மாற்றினார் என்பது விக்கியில் பக்கத்தோடே நிற்கும். கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவதால், பள்ளியில் உள்ளதைப் பிள்ளை வீட்டுக் கணினியிலும் செலவில்லாமல் நிறுவிக்கொள்ள முடிகிறது.

குறையையும் சொல்ல வேண்டும். மன்றத்துக்குத் தேர்வு வைத்துத்தான் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே கை தேர்ந்தவர்கள் மேலும் தேறுகிறார்கள். மலையோரம் சார் சொன்ன, பத்தரை மணிக்கு வரும் பையன் அப்படி ஒரு தேர்வுக்கு உட்காரவே மாட்டான். தமிழ்நாட்டில் இதைப் போல ஒன்று தொடங்கினால், வகுப்பு முழுவதையும் சேர்க்கும் வழியைப் பார்க்க வேண்டும்.

இதோடு ஒரு யோசனை. நம் மாவட்டத்துச் சொற்களைத் திரட்டும் வேலையை இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து செய்யலாமே. பாடநூலில் மரவள்ளி, நாகர்கோவிலில் மரச்சீனி, விளவங்கோட்டில் கப்பை. ஒரு பொதுப் பட்டியலில் பிள்ளைகள் தத்தம் சொல்லை எழுதி, தம் வாயால் சொல்லிப் பதிவும் செய்தால், எந்தச் சொல் எந்த ஊரோடு நின்றுவிடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

---

கரித்துண்டு

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் வில்லுப்பாட்டே எழுதித் தரும் என்று என் பேத்தி சொல்கிறாள். ஆசிரியர்கள் முயன்றீர்களா?

---

மலையோரம்

முயன்றோம் ஐயா. சந்தம் தட்டவில்லை. பிள்ளைகள் சத்தமாக வாசித்துவிட்டு, ‘ஆமா’ போடுவதற்கு இடமே இல்லை என்று வைத்துவிட்டார்கள். வெள்ளிநீர், தாயமுது என்று எந்த ஆற்றுக்கும் பொருந்தும் சொற்களே இருந்தன. நாகர்கோவில் சாக்கடை வந்து சேரும் இடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் பிள்ளைகள் அதற்கு மட்டும் எட்டு அடி எழுதியிருந்தார்கள்.

---

மணக்குடிக்காயல்

களியக்காவிளை டீச்சரின் சொல் திரட்டை இந்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று மலையோரம் சாரும் நானும் பேசியிருக்கிறோம். உங்கள் பள்ளியையும் சேர்த்தால் மலை, கடல், எல்லை என்று மூன்றும் கிடைக்கும். நினைத்த ஒழுங்கு இது: முதல் இரண்டு வாரம் காகிதம் மட்டும், கரித்துண்டு ஐயாவின் சொற்படி. அதன் பிறகு ஈதர்பேட். கழக்கூட்டம் தம்பி, வருகிற இரண்டாம் சனிக்கிழமை எங்கள் ஆய்வகம் திறந்திருக்கும், காலை ரயில் பிடிக்கும் அவசரம் இல்லாத நாளாக வந்துவிடுங்கள். எதையும் வெளியிடும் முன் பேசியவர் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை போட்டுக் காட்டுவது. தலைமையாசிரியர் ஐயா கேட்ட நேரச் சிக்கலுக்கு எங்களிடமும் முழு விடை இல்லை. கணினிகளை இடைவேளையிலேயே இயக்கி வைக்க இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பாக்கினோம், அதில் ஏழு நிமிடம் மிச்சமானது.

ஹெட்போன் மட்டும் போதவில்லை. எங்களிடம் இருப்பவை ஆறு. அதில் இரண்டு ஒரு காதில் மட்டுமே கேட்கும். அந்த இரண்டையும் குடக்காரப் பையன் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். மற்றக் காதால் பக்கத்தில் பாடுபவர்களைக் கேட்க வேண்டுமாம்.